ஏக்கர் கணக்கில் வராதவர்கள்

(மண்ணரையில் தோழர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தொழில் வளர்ச்சியும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும்: அரசின் கொள்கையும் ஒருமித்த கருத்தும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதியாளர் கூட்டத்தில் பேசுகிறவர் 'தொழிலும் வாழணும், ஆறும் வாழணும்' என்பார். விவசாயிகள் கூட்டத்தில் பேசுகிறவர் 'ஆறும் வாழணும், தொழிலும் வாழணும்' என்பார். வரிசை மட்டும்தான் மாறும். அதிகாரி வந்தால் 'சமநிலை' என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதற்குப் பெயர் ஒருமித்த கருத்து. அந்த மேசையில் உட்காராதவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஆறு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வழியாக ஓடி, கரூர் மாவட்டம் நொய்யல் கிராமத்தில் காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்று அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லும்போதே சில நண்பர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. 'பாலாய் ஓடிய ஆறு, படித்துறை, பதினெட்டாம் பெருக்கு, எப்படி இருந்த ஊர்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் கவிதை எழுதுகிறவன்தான். ஆனாலும் அந்த ஏக்கம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம்தான் பெரிது. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் மாட்டைக் கட்டிக் கவலை இறைத்தார்கள். கவலையில் கட்டும் தோல் பறியை யார் தைத்தார்கள்? சக்கிலியர் தெருவில் தைத்தார்கள். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் மறுபடி ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பறி கிணற்றுக்குள் முங்கும், தண்ணீர் மேலே வரும், வாய்க்காலில் ஓடும், பயிர் விளையும், சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள். எங்க அப்பாரு தைத்த தோலில் வந்த தண்ணீர் தீட்டில்லை. எங்க அப்பாரு குடம் எடுத்துப் போய் அதே கிணற்றில் மொண்டால் தீட்டு. யாராவது ஊற்றினால்தான் தண்ணீர். தோட்டத்தில் வருசத்துக்குப் பண்ணையம் கட்டிக்கொண்டு இருந்த ஆளுக்கு நேரம் காலம் கிடையாது. கூலி தானியமாக வரும், வராமலும் போகும்.

அந்த ஆறு சுத்தமாக இருந்த காலத்தில் நாங்கள் சுதந்திரமாக இல்லை. 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தாரே, அந்தக் குளத்துத் தண்ணீரும் அன்றைக்கு நல்ல தண்ணீராகத்தான் இருந்திருக்கும். ஆடு மாடு குடிக்கலாம், பறவை குடிக்கலாம், மகர் குடிக்கக்கூடாது. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற சுற்றுச்சூழல் பேச்சு பாதிப் பேச்சுதான். யார் கை அதில் படலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் பனியன் கம்பெனி வந்தது. நம்ம ஆட்களில் பலருக்கு அது தோட்டத்திலிருந்து வெளியே வரக் கிடைத்த கதவு. இதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கமாகச் சம்பளம். 'டேய்' என்று கூப்பிட்ட இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளிப் போனால் 'டெய்லர்' என்று கூப்பிட்டார்கள். கைமடியாகச் சேர்ந்து, சிங்கர் மிதித்து, ஓவர்லாக் பழகி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த ஊரிலிருந்து வந்தவன் திருப்பூர் பேக்கரியில் எல்லோரும் குடித்த கிளாசில் குடித்தான். இது சின்ன விஷயமில்லை தோழர்களே. நான் பட்டம் வாங்கி இன்றைக்கு ஒரு வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறைக் கூலி இருக்கிறது. எங்கப்பா வின்ச் ஓட்டினார். ராத்திரி வந்து சோற்றைப் பிசையும்போது விரலிடுக்கில் அன்றைக்கு ஓடின கலர் இருக்கும்.

அதனால் 'கம்பெனியை எல்லாம் மூடு, பழையபடி விவசாயத்துக்குத் திரும்பு' என்று சொல்லும் நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. திரும்புகிறோம், யார் நிலத்துக்கு? 1892ல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நிலம் உள்ளவன் இயற்கை விவசாயத்துக்குத் திரும்பலாம். நிலமில்லாதவன் பண்ணையத்துக்குத்தான் திரும்ப முடியும்.

இப்படிச் சொன்னதும் முதலாளி நண்பர்கள் கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

1984 வாக்கில் திருப்பூரின் ஏற்றுமதி பத்துக் கோடி ரூபாய் அளவுதான். இன்றைக்கு வருசத்துக்கு 30,000 கோடிக்கும் மேல். இந்தப் பெருக்கத்தின் விலையை ஆறு கொடுத்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், சோடா ஆஷ் வேண்டும். அதற்கு முன்னால் வெளுக்க பிளீச்சிங் பவுடர் வேண்டும். பழைய வின்ச்சில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். சாயம் துணியில் ஏறிக்கொள்ளும். உப்பு ஏறாது, அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பட்டறைக்காரர் அதை ஓடையில் விட்டார். ஓடை ஆற்றில் விட்டது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ல் வந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இந்த மாதிரித் தொழிற்சாலை வரக்கூடாது என்று 1989ல் அரசாணை எண் 213 போட்டார்கள். 1998ல் இன்னொரு ஆணை, அதில் ஐந்து கிலோமீட்டர். ஆணை கோப்பில் இருந்தது, பட்டறை ஆற்றங்கரையில் இருந்தது. அரசுக் கொள்கை என்ற சொல்லைக் கேட்கும்போது இந்த 213ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1992ல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டித் திறந்தார்கள். கீழ்ப்பகுதி நிலங்களின் பாசனத்துக்காகக் கட்டியது. சில வருசத்திலேயே அது திருப்பூரின் சாயத் தொட்டி ஆகிவிட்டது. அணையைத் திறந்தால் பயிர் சாகும், திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறு சாகும். 1996ல் கரூர்ப் பக்கத்து விவசாயிகள் சங்கம் உயர்நீதிமன்றம் போனது. 1998ல் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லி உத்தரவு. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எட்டு வந்தன. அதில் ஒன்று இதே மண்ணரையில் வந்தது. ஆனால் அந்த நிலையங்கள் கலரைத்தான் எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வாரியத்தின் வரையறை. கலர் போன தண்ணீர் பார்க்க யோக்கியமாக இருந்தது. நிலம் அதை நம்பவில்லை.

உலகத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1994ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது. அந்தச் சாயத் துணி தோலில் படுவதால் புற்றுநோய் வரும் அபாயம் என்று காரணம். இங்கே ஏற்றுமதியாளர்கள் ஓடி ஓடிச் சாயத்தை மாற்றினார்கள். 1997ல் இந்திய அரசும் தடை போட்டது. ஆக மாற்ற முடியும். சட்டை போடுகிறவன் தோலுக்கு ஆபத்து என்றால் ஒன்றிரண்டு வருசத்தில் மாற்ற முடிகிறது. அந்தத் தொட்டியில் முழங்கை வரை விட்டவன் தோலுக்கு, அந்த ஓடையில் கால் நனைத்தவள் தோலுக்கு என்றால் வழக்கு இருபது வருசம் நடக்கிறது.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பை ஒட்டிச் சூழல் இழப்புக்கு ஓர் ஆணையம் வந்தது. நொய்யல் பகுதிக்கு அது 2004ல் இழப்பீடு கணக்கிட்டது. 28,596 விவசாயிகள், சுமார் 24.8 கோடி ரூபாய். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் பட்டறைகளுக்கு லிட்டருக்கு ஆறு பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதம் போட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது என்ற 'பூஜ்ய வெளியேற்றம்' வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டறைகளின் மேல்முறையீட்டுக்குப் பின்னும் இதை உறுதி செய்து மூன்று மாதம் கெடு கொடுத்தது. அந்நியச் செலாவணி வருகிறது, வேலை கிடைக்கிறது என்பதற்காக மாசுபடுத்த உரிமை வந்துவிடாது என்பது அதன் நிலை. அதற்கும் அசையாததால் 2011 ஜனவரி 28ல் உயர்நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடு, கரண்டைத் துண்டி என்றது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்குக் கணக்கு பார்க்கும் புத்தி போகாது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பேரேடு போட்டுப் பார்ப்போம்.

விவசாயிக்கு இழப்பீடு. நிலத்துக்கு இழப்பு, அதனால் நிலம் உள்ளவருக்கு ஈடு. அது அவர்கள் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. போதாது என்றே சொல்வேன். ஆனால் அந்த நிலத்தில் களை வெட்டியவள், நாற்று நட்டவள், தண்ணீர் கட்டியவன்? பயிர் போனபோது அவர்கள் வேலையும் போனது. அவர்கள் குடித்த கிணறும் அதே உப்புதான். 28,596 என்ற எண்ணுக்குள் அவர்கள் எங்கே? சிட்டா இருந்தால்தான் இழப்பு என்று வைத்தால் கூலிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. ஏக்கர் கணக்கில் அவன் வரமாட்டான்.

முதலாளிக்கு உதவி. 2010-11 மத்திய பட்ஜெட்டில் திருப்பூரில் பூஜ்ய வெளியேற்ற முறைக்காக 200 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2011ல் பட்டறைகள் மூடிய பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. தொழில் நிற்க வேண்டும் என்றால் உதவி வேண்டும்தான். அதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

தொழிலாளிக்கு? அந்தப் பக்கம் பேரேட்டில் காலி. அன்றைக்கிருந்த தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம் உண்டு. ஐம்பது பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், ஒரு வருசத் தொடர் வேலை இருக்க வேண்டும். கான்ட்ராக்டில் ஓடும் பட்டறையில் பெயர் எங்கே இருக்கும்? மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் இருக்கும். நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கப்பா ஜனவரி கடைசி வாரச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த பல மாசம் அம்மாவின் காதுத்தோடுதான் எங்கள் வீட்டு 'நிவாரணத் திட்டம்'. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ரயிலேறின.

ஆற்றைக் கெடுத்த முடிவிலும் நம்மைக் கேட்கவில்லை, ஆற்றைக் காப்பாற்றிய முடிவிலும் நம்மைக் கேட்கவில்லை. இரண்டு தடவையும் செலவை மட்டும் நம்மிடம் வசூலித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொழில் செத்துப்போகும் என்றார்கள், சாகவில்லை. பதினெட்டுப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. கழிவு நீரைச் சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிச்சமாகும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் மறுபடி பட்டறைக்கே போகிறது. முடியாது, முடியாது என்று பதினைந்து வருசம் சொன்னதை, கரண்டைத் துண்டித்த பிறகு செய்தார்கள். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வளர்ச்சிக்கும் ஆற்றுக்கும் தீராத பகை என்று சொன்னதெல்லாம் லாபத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற பேரம்தான். இன்றைக்கும் திருட்டுத்தனமாக ராத்திரியில் திறந்து விடுகிறவர்கள் உண்டு. மழை வந்தால் ஆற்றில் நுரை மிதப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் 2011க்கு முன்னால் இருந்த நிலை இல்லை.

ஆனால் 'பூஜ்யம்' என்ற சொல்லை நான் அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டேன். தண்ணீர் வெளியே போவதில்லை, சரி. சேறு எங்கே போகிறது? மூட்டை மூட்டையாகக் கிடந்து, ஒரு பகுதி சிமெண்ட் ஆலைக்கு எரிக்கப் போகிறது. அந்த மூட்டையைத் தூக்குகிறவன் யார்? தொட்டிக்குள் இறங்குகிறவன் யார்? 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி விழுந்தார்கள். மூவர் இறந்தார்கள். தலித்துகள். மனிதனை இறக்கக்கூடாது என்று 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். இறந்தால் 30 லட்சம் என்று 2023ல் உச்சநீதிமன்றம் சொன்னது. சாவுக்கு ரேட்டை ஏற்ற முடிந்தது, சாவை நிறுத்த முடியவில்லை. வெள்ளைக்காரன் நாட்டுக் கடைக்குப் போகும் சட்டையில் 'பசுமைத் தயாரிப்பு' என்று அட்டை தொங்குகிறது. அந்தப் பசுமைக்குள் இந்த மூன்று உயிரும் இருக்கிறது.

இங்கே இன்னொன்று. திருப்பூரில் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மண்ணரை மூளிக்குளத்தை இளைஞர்கள் கூடித் தூர் வாரினார்கள். நல்ல காரியங்கள். பறவை வரட்டும், பார்த்தால் மனசு குளிர்கிறது. அதே நாட்டில் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அதையும் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று எத்தனை பசுமை மேடைகள் பேசின? தண்ணீரை மாசுபடுத்துவது எதுவானாலும் மாசுதான். உப்பு கலந்தாலும் சாதி கலந்தாலும் குடிக்க முடியாது.

இப்போது ஒருமித்த கருத்துக்கு வருகிறேன். ஒப்புக்கொள்வது வேறு, ஒடுங்கிப்போவது வேறு. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று 1997லிருந்து சட்டத்தில் இருக்கிறது. வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டுவார்கள். போனால் ஒரு நாள் கூலி போகும். மேடையில் இருப்பவன் வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவன், அவன் தோட்டத்து வழியில்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அவன் முன்னால் எழுந்து நின்று யார் எதிர்த்துப் பேசுவது? பேசாததை 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொள்வார்கள். கேட்காமலே போனால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. 2018 மே மாதம் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பாபாசாகேப் 1942லிருந்து 1946 வரை வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்பு மாநாட்டை அந்தக் காலத்தில்தான் நிலைநிறுத்தினார்கள். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்க வேலைகளும் அவர் துறையில்தான் நடந்தன. அணை வேண்டும், மின்சாரம் வேண்டும், தொழில் வேண்டும் என்றவர் அவர். கிராமத்தைச் சொர்க்கம் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை. அதே சமயம் தொழிலாளிக்கு நாற்காலி இல்லாத மேசையை அவர் மேசை என்று ஏற்கவுமில்லை. நமக்கு வழி அங்கேதான் இருக்கிறது. ஆலை வேண்டாம் என்பதும் நம் கட்சியல்ல, ஆலை எது செய்தாலும் சரி என்பதும் நம் கட்சியல்ல.

ஆகவே இந்தக் கூட்டம் சில கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நொய்யலைக் கண்காணிக்கும் எந்தக் குழுவானாலும் அதில் பட்டறைத் தொழிலாளிக்கும் நிலமில்லாத கூலிக்கும் இடம் வேண்டும். அதில் பெண்கள் வேண்டும், தண்ணீர் சுமக்கிறவள் அவள்தான். இழப்பீட்டை ஏக்கரில் மட்டும் போடாதே, இழந்த கூலி நாளிலும் போடு. மாசுக்காக ஒரு பட்டறையை மூடினால் மூடிய நாள் முதல் அங்கே வேலை செய்த எல்லோருக்கும், கான்ட்ராக்ட் ஆள் உட்பட, சம்பளத்தை அந்த முதலாளியிடமே வசூலித்துக் கொடு. அப்போதுதான் தொழிலாளியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு 'எங்களை மூடினால் இவர்கள் பட்டினி' என்று சொல்லும் தந்திரம் ஓயும். சுத்திகரிப்புச் செலவை இங்கே கூலியில் பிடிக்காமல், சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் விலையில் சேர்க்கச் சொல். தொட்டிக்குள் மனிதன் இறங்கினால் மேஸ்திரி மீது மட்டும் வழக்குப் போடாதே, உரிமையாளர் மீது போடு. தொழிலுக்கும் ஊருக்குமாக நாளொன்றுக்குப் பதினெட்டரைக் கோடி லிட்டர் அளவில் பவானிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரத் திட்டம் போட்டவர்களுக்கு, சேரிக்குள் நூறு அடி குழாய் நீட்டுவது பெரிய வேலையில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் போய்க் கேளுங்கள். 2011ல் யார் யார் எத்தனை மாசம் வேலையில்லாமல் இருந்தார்கள், எதை அடகு வைத்தார்கள், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, எந்தப் பெண் மில் விடுதிக்குத் திருமணக் காசுக்காக மூன்று வருச ஒப்பந்தத்தில் போனது. தேதி போட்டு, பேர் போட்டு எழுதுங்கள். எந்த வருசம் கிணற்றுத் தண்ணீர் உப்பானது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். நீதிமன்றத்தில் காகிதம்தான் பேசும். விவசாயி சிட்டாவைக் காட்டினார், முதலாளி பேலன்ஸ் ஷீட்டைக் காட்டினார். நாம் காட்ட நம் கையில் இன்னும் ஒரு காகிதமும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட்டிக் கழித்துத் தர நான் உட்காருகிறேன்.